மூக்கில்லாதவர் வீட்டு முயல்கள்

காருக்குள் எலி செத்துக் கிடக்கிறது என்று முதலில் சொன்னவர் காரின் சொந்தக்காரர்தான். கதவுக்குப் புதுப் பெயின்ட் அடித்து முடிந்ததென்று எடுத்துப்போக வந்தவர், பட்டறைக்குள் கால் வைத்ததுமே கைக்குட்டையைத் தேடினார். முதலாளி பானெட்டைத் திறந்து பார்த்தார். வெல்டர் டிக்கியைக் குடைந்தார். பின்சீட்டைக் கழற்றித் தேடலாம் என்று யோசனை சொன்னதும், சொன்ன கையோடு கழற்றியதும், தரையில் குப்புறப் படுத்து டார்ச் அடித்ததும் பெயின்டர். இந்தப் பட்டறையில் பெயின்ட் அடித்த காரில் எலி சாவது தன் தொழிலுக்கே இழுக்கு என்பதுபோல அவர் முன்னே போக, மற்றவர்கள் பின்னே போனார்கள். கொஞ்ச நேரத்தில் பின்னே வருகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். வாடை எந்தப் பக்கம் அதிகமாக வருகிறது என்று பெயின்டர் சீட்டுக்கு அடியிலிருந்து கத்திக் கேட்டார்.

“நீ போற பக்கமெல்லாம் வருதுய்யா,” என்றார் முதலாளி. “எந்திரி. கிட்ட வராத, அங்கயே நில்லு. இந்தச் சட்டைய எங்க இருந்து எடுத்துப் போட்ட?”

நாற்காலியிலிருந்து. மடித்து வைத்திருந்த சட்டை. தோள்பட்டையில் மஞ்சளாக ஒரு திட்டு இருந்ததைக் காலையிலேயே பார்த்தார்தான். ஆனால் பெயின்டர் சட்டையில் திட்டு இருப்பது பால்காரர் கையில் பால் இருப்பது மாதிரி; அதை யார் பெரிதாக நினைப்பார்கள்? முயல் மூத்திரம் என்பது அவருக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. மண்டையில் உறைத்ததே தவிர மூக்கில் இல்லை. இருபது வருஷம் தின்னரையும் பெயின்ட் புகையையும் இழுத்து இழுத்து, அவருடைய மூக்கு முகத்துக்கு ஒரு அழகுப் பொருளாக மட்டும் மிஞ்சியிருந்தது. கண்ணாடி மாட்டிக்கொள்ள உதவும். அவ்வளவுதான்.

இந்த வினைக்கும் விதை போட்டவர் அவரேதான். முந்தின நாள் சாயங்காலம், பால்கனிக் கதவோரம் முயல்கள் மூத்திரம் போவதற்கென்று இருந்த பெட்டிக்குள், தரை துடைக்கிற எலுமிச்சை வாசனைத் திரவத்தை அரை பாட்டில் கவிழ்த்துவிட்டு, பெரிய வேலை முடித்த திருப்தியோடு தூங்கப் போனார். வீட்டில் இரண்டு முயல்கள். ஆண் முயலுக்கு மேனேஜர் என்று பெயர். வெள்ளை உடம்பு, கறுப்புக் காது, எல்லோரையும் ஓரக்கண்ணால் பார்க்கிற குணம். பெண் முயல் கேஷியர். கையில் கிடைத்த காகிதத்தையெல்லாம் உள்ளே தள்ளிவிடும், திரும்ப வராது. எலுமிச்சை நெடி தாங்காமல் மேனேஜர் பெட்டியைப் புறக்கணித்துவிட்டு வேறு இடம் பார்த்திருக்கிறார். நாற்காலி வாகாக இருந்திருக்கிறது.

காலையில் அவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது, மனைவியின் மகள் பள்ளிக்கூடப் பையை மாட்டியபடி நின்றாள். ஆறாம் வகுப்பு. சட்டையைப் பார்த்தாள், ஒரு எட்டு பின்னால் நகர்ந்தாள். சட்டை நல்லா இருக்கா என்று அவர் கேட்டதற்கு, “ம்,” என்றாள்.

அதுதான் அவருடைய தீராத சிக்கல். கல்யாணமாகி அவர் இந்த வீட்டுக்கு வந்து ஒரு கோடை போய் மழையும் வந்துவிட்டது. இதுவரை அந்தப் பெண் அவரிடம் எதிர்த்துப் பேசியதில்லை, முகம் சுளித்ததில்லை, கதவைச் சாத்தியதில்லை. ஒரு கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னதும் இல்லை. சாப்பிட்டாயா என்றால் “ம்”. பரீட்சை எப்படி என்றால் “பரவால்ல”. படம் பார்க்கப் போகலாமா என்றால் “உங்க இஷ்டம்”. கூப்பிடுவதற்கு ஒரு சொல்லும் அவள் வைத்திருக்கவில்லை. கூப்பிட வேண்டி வந்தால் அவர் திரும்பும்வரை எதிரே வந்து நிற்பாள். சண்டை போடுகிற பிள்ளையாக இருந்தால் சமாதானம் பேசலாம். மரியாதையாக இருக்கிற பிள்ளையை என்ன செய்வது?

இதற்கு நடுவில்தான் மனைவி, தங்கையின் பிரசவத்துக்கு உதவியாக வெளியூர் கிளம்பினாள். திரும்பி வர இரண்டு மாதமாவது ஆகும். பெட்டியைக் கட்டிக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னாள். கோபமாகச் சொல்லவில்லை, பால் கணக்குச் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

“நான் திரும்பி வர்றப்பவும் வீடு இப்படியே நாறுச்சுன்னா, முயல் ரெண்டையும் எங்க அண்ணன் வீட்டுல விட்டுருவேன். அங்க தோட்டம் இருக்கு. பொண்ணுகிட்டயும் சொல்லிட்டேன்.”

வீடு நாறுகிறது என்பதே பெயின்டருக்கு அப்போதுதான் தெரியும். ஆனால் கணக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் உள்ளே வந்தார், முயல்கள் வெளியே போயின என்றுதான் ஆகும். இதற்கு மேல் என்ன சமாதானம் சொன்னாலும் அந்தப் பெண்ணின் மனசில் அந்த ஒரு வரி அழியாது. அவளுக்கு மேனேஜரும் கேஷியரும் அவர் வருவதற்கு முன்பே இருந்த குடும்பம். ஆகவே வாடையை ஒழித்தே தீருவது என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினார். காது கேளாதவன் வீணைக்குச் சுருதி சேர்க்கக் கிளம்பின கதைதான்.

கரித்துண்டைத் துணியில் கட்டித் தொங்கவிட்டார். சோடா மாவைத் தூவினார். அப்புறம் அந்த எலுமிச்சை. ஒவ்வொன்றுக்கும் பிறகு, “இப்ப எப்படி இருக்கு?” என்று அவளைத்தான் கேட்க வேண்டியிருந்தது. வீட்டில் வேலை செய்கிற மூக்கு அவளுடையது ஒன்றுதான். “தெரியல”, “நேத்து மாதிரிதான்”, “ம்”. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்லலாம். சொன்னால் அவளை நம்பவில்லை என்று ஆகும். அதைவிட முயலே போகட்டும் என்று தோன்றியது.

சட்டைச் சம்பவத்தன்று சாயங்காலம், முதலாளி கொடுத்த பழைய சட்டையோடு வீட்டுக்கு வந்தவர், பட்டறையிலிருந்து ஷேடு கார்டையும் கொண்டுவந்தார். விசிறிபோல விரிகிற அந்த அட்டையில் மஞ்சள் மட்டுமே ஒரு முழு மடிப்புக்கு இருக்கும். வாடிக்கையாளர்களும் அப்படித்தான், என்ன நிறம் வேண்டும் என்றால் வாயால் சொல்லத் தெரியாது, விரித்துக் காட்டினால் விரல் தானாகப் போய் ஒன்றின் மேல் நிற்கும். இதிலே ரொம்ப அடர்த்தியான மஞ்சள் ரொம்ப நாற்றம், வெளிறினது கொஞ்சம் நாற்றம், வாயைத் திறக்கவே வேண்டாம், விரலை வைத்தால் போதும் என்றார். அவள் அவரையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, கடுகு அரைத்த மாதிரி இருந்த ஒன்றின் மேல் விரலை வைத்தாள். யோசித்து, அதற்கும் கீழே பழுப்பில் ஒன்றுக்கு இறக்கினாள்.

பெயின்டருக்கு மனசு உடைந்துபோனது. கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. வந்த நாள் முதலாக அவள் அவருக்குக் கொடுத்த முதல் தகவல் அது.

அந்த வாரமே இரண்டு முயல்களையும் கூடையில் வைத்துக்கொண்டு கால்நடை டாக்டரிடம் போனார்கள். டாக்டரம்மா எலுமிச்சைக் கதையைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சிரித்தார். முயலுக்கு மூக்குதான் எல்லாம், அதன் கக்கூஸில் சென்ட் அடித்தால் அது எப்படிப் போகும் என்று கேட்டார். பெட்டி சின்னது, இரண்டும் உட்கார்ந்து திரும்புகிற அளவுக்கு வேண்டும். அடியில் மரத்தூள் குச்சி, ஈரத்தை அதுவே குடித்துக்கொள்ளும். ஒரு ஓரத்தில் காய்ந்த புல். தின்றுகொண்டே கக்கூஸ் போவது முயலின் பழக்கம். நனைந்த மூலையைத் தினமும் அள்ளிவிட வேண்டும். அடியில் வெள்ளையாகப் படிகிற உப்புதான் நெடிக்கு ஆணிவேர், அதற்கு வினிகரை ஊற்றி ஊறவிட்டுத் தேய்க்க வேண்டும். ஆனால் துடைத்து வைத்த மாதிரி ஆக்கிவிடவும் கூடாது. பழைய குச்சியில் ஒரு பிடி திரும்பப் போட்டால்தான் இது நம் இடம் என்று அதற்குத் தெரியும். பெயின்டர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். துருவைச் சுரண்டி, கழுவி, மேலே கோட் அடிக்கிறவருக்கு இதில் புரியாதது ஒன்றுமில்லை.

பிறகு டாக்டரம்மா மேனேஜரைத் தூக்கி வாலைப் பார்த்தார்.

“இவரு கண்ட இடத்துலயும் அடிக்கிறாரு இல்ல? அது பெட்டி வாடை இல்ல, எல்லை போடுற வாடை. வீட்டுக்குப் புதுசா ஏதாச்சும் வந்துச்சா? நாய், பூனை, வேற முயல்?”

பெயின்டர் யோசித்தார். ஒன்றும் வரவில்லையே என்று சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் நின்ற பெண், அட்டையில் விரல் வைக்கிற அதே நிதானத்தோடு, அவரைச் சுட்டிக் காட்டினாள்.

“இவங்க வந்தாங்க.”

டாக்டரம்மா அவரை மேலும் கீழும் பார்த்து, என்ன வேலை என்று விசாரித்தார். சொன்னதும் விஷயம் விளங்கிவிட்டது. தினமும் சாயங்காலம் தின்னர் நெடியோடு ஒரு பெரிய பிராணி வீட்டுக்குள் வருகிறது. அது உட்கார்ந்த நாற்காலி, அது கழற்றின செருப்பு, அது போட்ட சட்டை என்று தேடித் தேடி மேனேஜர் தன் வாடையால் மூடிக்கொண்டிருக்கிறார்.

“உங்க மேல அது ரெண்டாவது கோட் அடிக்குது சார்,” என்றார் டாக்டரம்மா. “ரெண்டுக்கும் கருத்தடை ஆபரேஷன் பண்ணிடலாம். ஆனா உடனே அடங்காது, சில வாரம் ஆகும். அதுவரைக்கும் நீங்களும் கொஞ்சம் குளிச்சிட்டு வீட்டுக்குப் போங்க.”

வீடு திரும்ப ஆட்டோவில் ஏறினார்கள். வாடையைத் துரத்துகிறேன் என்று கிளம்பி, கடைசியில் துரத்த வேண்டிய ஆசாமி தானேதான் என்று நிரூபித்தாயிற்று. பக்கத்தில் அவள் கூடையை மடியில் வைத்து, கம்பி வழியாக கேஷியரின் காதை நீவிக்கொண்டிருந்தாள். ஒரு வேகத்தடையில் ஆட்டோ குதித்தபோது, “உங்கள தப்பு சொல்லல. அவங்க கேட்டாங்க, அதான்,” என்றாள். வெளியே பார்த்துக்கொண்டுதான் சொன்னாள்.

மேனேஜருக்குக் கட்டாய ஓய்வு கொடுக்கப்பட்டது. கேஷியருக்கும். பெயின்டர் பட்டறைக் குழாயடியில் சோப்புப் போட்டுக் குளித்து, மாற்றுடை உடுத்திக்கொண்டு வீட்டுக்குப் புறப்படத் தொடங்கினார். புது மாப்பிள்ளைக்கு வந்த வாழ்வைப் பாரு, பொண்டாட்டி ஊரில் இல்லாதபோது குளிக்கிறான் என்று முதலாளி ஊரெல்லாம் சொன்னார். அவர் கண்டுகொள்ளவில்லை. பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்றை வாங்கி, முயல் ஏறுவதற்கு முன்பக்கத்தை வெட்டி, விளிம்பை உப்புத்தாள் போட்டு வழவழவென்று இழைத்தார். அந்த மாதிரி ஃபினிஷ் எந்தக் காருக்கும் அவர் கொடுத்ததில்லை.

தினமும் சாயங்காலம் பால்கனியில் வேலை. டாக்டரம்மா சொன்னது நனைந்ததை அள்ள மட்டும்தான். பெயின்டருக்கு அந்தச் சிக்கனம் எல்லாம் ஆகாது. தினமுமே வினிகர், தினமுமே பிரஷ். ஆளுக்கொரு பக்கமாகக் குந்தித் தேய்ப்பார்கள். தேய்க்கிறபோது முகம் பார்க்க வேண்டியதில்லை, அதனாலோ என்னவோ அவளுக்குப் பேச்சு வந்தது. கணக்கு டீச்சரின் செருப்பு எலி மாதிரி கீச்சிடுவதும், அடுத்த பெஞ்சுக்காரி பேச்சை நிறுத்திக்கொண்டதும், திரும்பவும் பேசியதும். வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கிற அப்பா பிறந்தநாளைக்கு மட்டும் போன் பண்ணுவதை அவர் கேட்காமலே ஒருநாள் சொல்லிவிட்டு, தொட்டியின் மூலையை ரொம்ப நேரம் தேய்த்தாள். பெயின்டர் அந்த மூலையில் வினிகர் கொஞ்சம் ஊற்றினார்.

வேலை முடிந்ததும் அட்டையை விரிப்பார். பழுப்பிலிருந்து கடுகுக்கு ஏறியது. கடுகிலிருந்து எலுமிச்சை, எலுமிச்சையிலிருந்து வெண்ணெய். வெண்ணெய் நிறத்தில் வந்து நின்றது, நின்றதுதான். அதற்கு அப்புறம் வெள்ளைக்கு இன்னும் ஒரே ஒரு கட்டம். விரல் அங்கே போகவே மாட்டேன் என்றது. குச்சியை மாற்றினார், புல்லை மாற்றினார், ஜன்னலை நாள் முழுக்கத் திறந்து வைத்தார், வினிகரைத் தண்ணீர் கலக்காமல் ஊற்றினார். வெண்ணெய்தான். அவள் இப்போதெல்லாம் மூக்கைக்கூட உறிஞ்சாமல் விரலை வைத்துவிடுகிறாள் என்பதை அவர் கவனிக்காமல் இல்லை. அவள் கைவிட்டுவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார். எப்படியும் முயல் போகத்தான் போகிறது, இந்த ஆள் ஏன் இன்னும் கஷ்டப்படுகிறார் என்று நினைக்கிறாள் போல.

மனைவி மறுநாள் வருவதாகப் போன் வந்தது. அன்றைக்குச் சாயங்காலம் பெயின்டர் அட்டையை விரிக்கவில்லை. பால்கனித் தரையில் உட்கார்ந்து, சொல்ல நினைத்ததையெல்லாம் கொட்டிவிட்டார். நாளைக்கு அம்மாவிடம் தானே பேசப்போவதாகச் சொன்னார். வாடைக்குக் காரணம் தான்தான், முயல் இல்லை என்று சொல்லப்போகிறார். வேண்டுமானால் வேலையை மாற்றிக்கொள்கிறார், பெயின்ட் அடிப்பதை விட்டுவிட்டு ஷேடு கலக்குகிற கடையில் உட்கார்ந்துவிடுகிறார். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை அவள் உண்மையைச் சொல்ல வேண்டும்.

“என் மூக்கு செத்துப்போச்சும்மா. நீ சொன்னாத்தான் உண்டு. ம்னு சொல்லாத, பரவால்லன்னு சொல்லாத. நாறுதா, இல்லையா?”

அவள் மேனேஜரைப் பார்த்தாள். மேனேஜர் புல்லை மென்றுகொண்டே தன் காரியத்தையும் முடித்துக்கொண்டிருந்தார்.

“இல்ல,” என்றாள்.

“இல்லன்னா?”

“கொஞ்சம்கூட இல்ல. எப்பவோ போயிடுச்சு. நீங்க ஜன்னலத் திறந்து வச்சீங்களே, அதுக்கும் முன்னாடியே.”

“அப்புறம் ஏம்மா தினமும் வெண்ணெய்ல விரல வச்ச?”

அவள் தொட்டியின் வழவழத்த விளிம்பை விரலால் தடவினாள்.

“வெள்ளைல வச்சிருந்தா, சரி முடிஞ்சதுன்னு நீங்க உள்ள போய் டிவி பாத்திருப்பீங்க. நாளைக்கு அம்மா வந்தப்புறமும் நீங்கதான் வரணும். அம்மாவுக்குச் சரியா தேய்க்கத் தெரியாது.”

அவள் இரண்டு முயல்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கூடத்தில் விட்டுவிட்டு வந்தாள். மேனேஜர் அப்போது போட்டதைத் தவிர ஒரு கறைகூட இல்லாமல் பளிச்சென்று இருந்த தொட்டியைப் பால்கனி நடுவுக்கு இழுத்துப் போட்டு, குச்சியையெல்லாம் கவிழ்த்துவிட்டு, வினிகரைத் தாராளமாக ஊற்றினாள். நனைந்து வழிகிற பிரஷ் ஒன்றைத் தான் எடுத்துக்கொண்டு, இன்னொன்றைத் தொட்டியின் எதிர் விளிம்பில், கைப்பிடி அவர் பக்கம் வருகிற மாதிரி திருப்பி வைத்தாள்.