வலை இறங்கும்வரை

"அந்த லிஸ்ட்டை எடுங்க கிராணி ஐயா. நான் பாக்கணும்."

தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதிக்கொண்டிருந்த பக்கிரிசாமி கிராணி மேசையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எந்த லிஸ்ட்டு?"

"எத்தனை லிஸ்ட்டு வச்சிருக்கீங்க? நான் எழுதினது. எம்பது பேரு."

இதைக் கேட்கவே கூடாது என்று குணவதியிடம் அவள் அம்மா மருதம்மாள் ஐந்து மாதமாய்ச் சொல்லிவந்தாள். மரவள்ளிக் கிழங்கு உரிக்கும்போது சொன்னாள், தண்ணீர் சேந்தும்போது சொன்னாள். மகள் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியமும் வாங்கியிருந்தாள். "அந்தாளுகிட்ட என்ன வேணும்னாலும் கேளு. அந்த லிஸ்ட்டை மட்டும் கேக்காதே." ஏன் என்று கேட்டால் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிடுவாள்.

"உன்னைக் கூப்பிட்டது வேற வேலைக்கு," என்றார் கிராணி. "அடுத்த வாரம் மறுபடியும் மேட்ச்சு. செமிலிங் பக்கத்துத் தோட்டத்துக்காரங்க வர்றாங்க. நீ அங்க போயி, பாக்க வர்றவங்க பேரை எழுதிட்டு வரணும். ஜப்பான் துவான் உன் கையெழுத்துதான் வேணுங்கிறான்."

"மொதல்ல பழைய லிஸ்ட்டு."

"பொண்ணு மாதிரி பேசுலா."

"பொண்ணு மாதிரிதான் கேக்குறேன். எங்கண்ணன் பேரு அதுல யாரு கையெழுத்துல இருக்குன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

ஒன்பதாங்கட்டை ரப்பர் தோட்டத்தின் வாலிபால் திடல் வெள்ளைக்காரன் இருந்தவரை பெரட்டுக்களத்தின் ஓர் ஓரம்தான். காலையில் ஆளெடுக்கும் இடத்திலேயே சாயங்காலம் கம்பம் நட்டு ஆடுவார்கள். மழைக்குச் சேறு, வெயிலுக்குக் கல். முழங்காலில் இருக்கும் தழும்பைப் பார்த்தே இவன் ஒன்பதாங்கட்டைக்காரன் என்று பீடோங் டவுனில் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் அந்தக் குழுவுக்கு இருந்த சப்போட்டு வேறு எவனுக்கும் கிடையாது. பாதி நாள் தோற்கிற குழு; அதற்காக ஆறு மைல் நடந்துபோய்க் கத்துகிற ஜனம். பால்கார முனியாண்டி தகர டின்னைத் தட்டி நசுக்கிவிடுவார். செல்லாயி அக்கா எதிரணியைச் சும்மா விடமாட்டாள். "ஏண்டா, பந்து என்ன உன் மாமியாரா? தொடறதுக்கு இப்பிடி கூச்சப்படுற!" அடிக்க எழும்பினவன் சிரித்துப் பந்தைக் கோட்டைவிடுவான்.

அவர்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஜெயித்தாலும் தோற்றாலும் வலை இறங்கும்வரை ஒருத்தர் எழுந்திருக்கமாட்டார்கள். தோற்ற பையன்களை வெறுந்திடலில் தனியாக விட்டுவிட்டுப் போவதா என்று எப்போதோ யாரோ தொடங்கியது. ஆட்டக்காரர்கள் இரண்டு கம்பத்திலும் முடிச்சை அவிழ்த்து வலையைச் சுருட்டுவார்கள். சனம் மொத்தமும் ஒருமுறை கைதட்டும். அப்புறம்தான் லயத்து வீடுகளுக்கு நடை.

ஜப்பான்காரன் வந்தான். பால் வெட்டு நின்றது, அரிசி நின்றது, ஆட்டமும் நின்றது. பிறகு தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு ஜப்பான் துரை வந்தான்; துவான் என்றுதான் கூப்பிட வேண்டும். அவனுக்கு வாலிபால் பைத்தியம். கல்லையெல்லாம் தோண்டி எறியச் சொன்னான். ஆற்று மணலும் செம்மண்ணும் கொட்டி உருளை ஓட்டினார்கள். மெர்போக் மீன்பிடிக்காரர்களிடம் புது வலை பின்னி வந்தது. எண்பது பேர் உட்கார அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட பலகை வரிசைகள், மூன்று பக்கமும் கம்பிவேலி, முன்னால் ஒரு வாசல். தோட்டத்தில் வீடு ஒழுகுகிறது என்றால் எந்தத் துரையும் திரும்பிப் பார்த்ததில்லை. பந்து பார்க்கிறவனுக்கு நிழல் கட்டிக் கொடுத்தால் சனம் உருகாமல் என்ன செய்யும்?

பலகையில் இடம் வேண்டும் என்றால் பேர் பதிய வேண்டும் என்றார்கள். தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது முடித்த ஒரே பெண் என்று குணவதியைக் கூப்பிட்டார்கள். சனம் அவள் வீட்டு வாசலில் முண்டியது. "என் பேரை மேல போடு புள்ள!" என்று முனியாண்டி கெஞ்சினார். செல்லாயி அக்கா தன் வயதில் நாலைக் குறைத்துச் சொன்னாள். பேர், வயது, லயத்து நம்பர். ஒரு அடித்தல் இல்லாமல் எழுதினாள். முதல் பேர் யாருடையது என்று சண்டை வந்தது. சண்டையே வேண்டாம் என்று முதல் வரியில் தன் பேரையே போட்டுக்கொண்டாள். அவள் அண்ணன் பரஞ்சோதிதான் முன்வரிசையில் அடிக்கிறவன். அவளை விடப் பெரிய சப்போட்டர் யார்?

ஆட்டத்தன்று மருதம்மாளுக்குக் குளிர்காய்ச்சல். குணவதி போகவில்லை. வீட்டிலிருந்தபடியே டின் சத்தத்தை வைத்துப் பாயிண்டை எண்ணிக்கொண்டிருந்தாள். ஜெயித்த சத்தம் கேட்டது. கைதட்டல் கேட்கவில்லை. லாரிச் சத்தம் கேட்டது.

மற்றதெல்லாம் பிறகு ஆட்டக்காரர்கள் அரைகுறையாய்ச் சொன்னது. ஆட்டம் முடிந்ததும் கம்பத்துக்கு ஒரு சிப்பாய் போய் நின்றுகொண்டான். வலையைத் தொடாதே என்றான். ரப்பர் மரங்களுக்கு நடுவே லாரிகள் வருவது எல்லோர் கண்ணிலும் பட்டது. வாசல் அப்போது திறந்துதான் கிடந்தது. ஓடியிருக்கலாம். யாரும் ஓடவில்லை. வலை இன்னும் இறங்கவில்லையே! "என்னடா, முடிச்சு இறுகிப்போச்சா? பல்லால கடிச்சு இழுங்கடா!" என்று செல்லாயி அக்கா கத்தினாளாம். எல்லோரும் சிரித்தார்களாம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே வாசல் அடைபட்டது. கிராணி லிஸ்ட்டைப் படித்தார். பேர் வந்தவர்கள், அரிசி கிடைக்கப்போகிறது என்று எழுந்தார்கள். சயாமில் ரயில் பாதை போட எண்பது பேர்.

ஆட்டக்காரர்கள் யாருக்கும் கைவைக்கவில்லை. துவானுக்கு ஆட ஆள் வேண்டும். பரஞ்சோதி மட்டும் போனான். அதற்கு முந்தின வாரம்தான் அரிசியில் சுண்ணாம்பு கலந்திருக்கிறது என்று கிராணியின் சட்டையைப் பிடித்திருந்தான். குணவதிக்கு அது போதுமாயிருந்தது. இந்தாள்தான் எழுதிச் சேர்த்தான். பழி தீர்த்துக்கொண்டான். ஐந்து மாதம் அந்த ஆத்திரத்தைத் தின்றுதான் உயிரோடு இருந்தாள்.

கிராணி பேனாவைக் கீழே வைத்தார். "உங்கம்மா வேணாம்னு சொல்லலையா?"

"சொன்னாங்க."

"அப்புறம்?"

"எடுங்க."

அவர் இழுப்பறையைத் திறந்து நாலாய் மடித்த தாளை மேசையில் போட்டார். அவள் கடைசி வரியிலிருந்து மேலே தேடிக்கொண்டு போனாள். எல்லாம் அவள் எழுத்து. நேர்நேரான வரிகள். செல்லாயி, முனியாண்டி. முதல் வரிக்கு வந்தபோது விரல் நின்றது.

அவள் பேர் அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில், தாள் கிழிகிற அளவுக்குப் பென்சிலை அழுத்தி, ஒன்று பெரிசும் ஒன்று சின்னதுமாய் எழுத்துகள். அவள்தான் அவன் கையைப் பிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்தவள். அவனுக்கு எழுதத் தெரிந்ததே அவன் பேர் மட்டும்தான்.

"மொதல்ல உன் பேரைத்தான் படிச்சேன்," என்றார் கிராணி. குரல் இறங்கியிருந்தது. "நீ இல்ல. எம்பதுல ஒண்ணு கொறையக் கூடாதுன்னு துவான் குதிக்கிறான். வீட்டுக்குப் போயி இழுத்துட்டு வான்னு ரெண்டு பேரை அனுப்பப் போனான். உங்கண்ணன் வலைக்கு அடியில குனிஞ்சு வந்தான். எங்கையிலேர்ந்து பென்சிலைப் புடுங்கினான். உள்ளங்கை வேர்வையை சட்டையில தொடச்சிட்டு எழுதினான்."

"என்ன சொன்னான்?"

"'குணாகிட்ட சொல்லிடாதீங்க, சண்டைக்கு வருவா'ன்னான். உங்கம்மாகிட்ட மட்டும் சொன்னேன்."

குணவதி தாளை மேசைமேல் வைத்தாள். நின்றபடியே இருந்தாள். வெறுக்க ஒரு ஆள் இருந்தான். இப்போது அதுவும் இல்லை. அம்மா ஐந்து மாதமாய் இவள் முகத்தைப் பார்த்து என்ன நினைத்திருப்பாள்? மிச்சமிருக்கிற பிள்ளையாவது இது தெரியாமல் இருக்கட்டும் என்றா?

"நீ எழுதலன்னா வேற யாராச்சும் எழுதுவாங்க," என்றார் கிராணி. "ஆனா அந்த லிஸ்ட்டுல மொதப் பேரு உன்னோடதா இருக்கும். அவன் எதுக்குப் போனான்னு யோசி. அவன் செஞ்சதை வீணாக்காத, தாயி."

"அவன் என்னைக் கேக்கல," என்றாள் குணவதி.

கிராணி தாளைப் பழையபடி நாலாய் மடித்தார்.

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். இவங்க எம்பது பேரையும் யாரும் கேக்கல. நானும் கேக்கல. நிழல்ல உக்கார இடம்னு சொல்லி எழுதி வாங்கினேன்." அவள் மூக்கைப் புறங்கையால் துடைத்தாள். "சீட்டு எழுதிக் குடுங்க."

"என்ன சீட்டு?"

"செமிலிங் போகத்தான். பாலத்துல நிக்கிற சிப்பாய் சும்மா விடமாட்டான்."

"பேரு எழுதவா போற?"

அவள் சீட்டுக்காகக் கையை நீட்டினாள். கிராணி பேனாவை மையில் தோய்த்து அப்படியே பிடித்திருந்தார். ஒரு சொட்டு மை மேசையில் விழுந்தது. அவளை நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தித் தள்ளினார். "இருட்டுறதுக்குள்ள வந்துடு. நான் உன்னை ஒண்ணும் கேக்கல. நீயும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லல."

மேட்ச் என்று காலையில் ஆள் வந்து சொன்னபோதே அவள் முடிவு செய்துவிட்டாள். செமிலிங் பக்கத்துத் தோட்டத்தில் நாற்பது வீடாவது இருக்கும். ஒவ்வொரு வாசலாய்ப் போய், வராதீர்கள் என்று சொல்ல வேண்டும். நம்பாதவர்களிடம் எண்பது பேரையும் வரிசையாய் ஒப்பிக்க வேண்டும். இப்போது முதல் பேரையும் சரியாகச் சொல்லலாம். எழுதினது யார் என்று கேட்டால் நான்தான் என்று சொல்ல வேண்டும். காறித் துப்பினால் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு ஆபீசுப் படியிறங்கினாள். லயத்துப் பக்கமிருந்து அம்மா, "குணா, எங்கடி போற?" என்று கூப்பிடுவது கேட்டது. திரும்பினால் நின்றுவிடுவோம் என்று தெரியும். செமிலிங் போகும் சடக்கில் நடையை எட்டிப் போட்டாள்.