தண்ணீர் ஒழுகாத கையுறை

அச்சகத்தில் மை படிந்த ரோலரைத் தின்னர் என்ற கரைப்பானில் கழுவுகிற தங்கையின் பத்து விரலும் வெடித்துப் புண்ணாகிவிட்டன. ஒரு வாரம் வீட்டில் கிடந்துவிட்டு அன்றுதான் வந்தாள். வந்தவளிடம் மேனேஜர் ஒரு கடிதத்தை நீட்டினார். "கையுறை அணியாமல் வேலை செய்தேன். தவறு என்னுடையது. நானாகவே வேலையை விட்டு நிற்கிறேன்." அடியில் கையெழுத்துக்கென்று ஒரு கோடு. பாவி மனுஷன், கோடு போடுவதில் மட்டும் குறை வைக்கவில்லை.

தங்கை அழுதுகொண்டே அக்காவிடம் போனாள். அக்கா அதே அச்சகத்தில் மை கலக்குகிறவள். கரண்டியை டப்பாவிலேயே போட்டுவிட்டு எழுந்து மேனேஜரிடம் போனாள். நாலு மாதத்தில் ஒரு நாள்கூடத் தங்கை வெறுங்கையைத் தின்னரில் வைத்ததில்லை. பக்கத்து மேசையிலிருந்து தினமும் பார்த்தவளுக்கு ரத்தம் கொதிக்காமல் என்ன செய்யும்?

மேனேஜர் தயாராகத்தான் இருந்தார். புதுக் கையுறை ஒன்றில் குழாய்த் தண்ணீரை முட்ட முட்ட நிரப்பித் தூக்கிக் காட்டினார்.

"பாரும்மா, ஒரு சொட்டு ஒழுகுதா? இதப் போட்டிருந்தா கை எப்படிப் புண்ணாகும்? உன் தங்கச்சி போடல, அவ்வளவுதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்குத் தண்ணீர் வேறு சாட்சி!

"அவ கழுவறது தண்ணியிலயா சார், தின்னர்லயா?"

"தண்ணியே நுழையலன்னா வேற எது நுழையும்?"

"அட, படிச்சவர் பேசற பேச்சா இது! தண்ணிக்கு, பேட்டரி மாதிரி, ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ். தன்ன மாதிரி ஆளோடதான் அது சேரும். ரப்பருக்கு அந்த ரெண்டும் கிடையாது, அதான் தண்ணிய வாசல்லயே நிறுத்திடுது. தின்னருக்கும் கிடையாது. ரெண்டும் ஒரே கூட்டம், கேக்காமலே உள்ள போயிடும். மை ஏன் தண்ணியில போகாம தின்னர்ல போகுது? அதே கதைதான். பள்ளிக்கூடத்துல படிச்சது எனக்கே ஞாபகமிருக்கு, உங்களுக்கு இல்லையா?"

"எனக்கே பாடம் எடுக்கறியா?"

"பாடமெல்லாம் வேணாம். அதே கிளவுஸ நீங்க மாட்டி, அவ ரோலர் கழுவற அதே தின்னர்த் தட்டுல கைய வைங்க."

இதற்குள் மெஷின்காரர்கள் வேலையை விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். இத்தனை பேர் எதிரில் பின்வாங்க மானம் இடம் கொடுக்குமா? மேனேஜர் காய்ந்த கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு மணிக்கட்டுவரை தின்னரில் விட்டார். அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

இரண்டாம் நிமிடம் கையுறை ஊறித் தொளதொளவென்று பெருத்தது. நாலாம் நிமிடம் அவர் முகம் கோணியது. வெடுக்கென்று கையை இழுத்தார். கட்டைவிரல் பக்கம் ரப்பர் கிழிந்து தொங்கியது.

"ஐயோ, எரியுதே!" என்று குழாயடிக்கு ஓடினார். தண்ணீர் அவர் கையில் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

"வெறுந்தண்ணிக்குப் போகாது. இந்தாங்க சோப்பு, அதுதான் தண்ணியோடயும் ஒட்டும், தின்னரோடயும் ஒட்டும். நாலு நிமிஷத்துக்கே ஐயோங்கறீங்களே, என் தங்கச்சி நாலு மாசம் முக்கியிருக்கா!"

மேனேஜர் கையைத் துடைத்தபடி குரலைத் தாழ்த்தினார்.

"சரி விடு, நல்ல கிளவுஸ் வாங்கிடலாம். கடிதத்தையும் மாத்தி எழுதிடறேன். உன் தங்கச்சிய ஒரு கையெழுத்துப் போடச் சொல்லு."

அக்காவுக்கு அடங்கியிருந்த கோபமெல்லாம் மறுபடி தலைக்கு ஏறியது. தங்கையின் கையைப் பிடித்து அவர் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"கையெழுத்தா? ஒரு வாரமா அவளுக்குச் சோறு ஊட்டறது நான். இந்த விரலால பேனா பிடிப்பாளா? காலையில இதே கைக்குத்தானே கடிதாசி நீட்டினீங்க, ஒரு தடவையாவது பாத்தீங்களா?"

மேனேஜர் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து, கடிதத்தில் இருந்ததையெல்லாம் அடித்துவிட்டு, "கையுறை அணிந்திருந்தார். நாங்கள் கொடுத்த கையுறைதான் தவறு" என்று எழுதினார். அடியில் இருந்த கோட்டின் மேல் அவரே கையெழுத்துப் போட்டார்.