ஒட்டியிருந்த ஒரே செல்

மூச்சை இழுக்கும்போதெல்லாம் வீப்கேயின் உதடு நடுங்கியது. கண்ணாடி ஊசியோடு இணைந்த ரப்பர் குழாயின் மறுமுனை அவள் வாயில் இருந்தது. வாயால் மெல்ல உறிஞ்சித்தான் ஊசி முனையைச் செல்லோடு ஒட்டவைத்து அதன் மின்துடிப்பைப் பதிவுசெய்ய முடியும். நுண்ணோக்கியின் அடியில், தட்டு முழுவதிலும் ஒரே ஒரு நரம்புச் செல்தான் ஒட்டியிருந்தது.

மற்றவை காலையில் ஊட்டநீர் மாற்றியபோதே பாய் போலச் சுருண்டு பெயர்ந்துவிட்டன. தட்டில் பூசும் லேமினின் என்ற புரதம்தான் செல்களுக்குப் பிடிப்பு. உறைந்திருக்கும் அதைப் பனிக்கட்டிமேல் வைத்து மெல்ல உருக்க வேண்டும். சட்டென்று சூடு பட்டால் கட்டிதட்டி, பூச்சு திட்டுத்திட்டாகிவிடும். பூசிய அன்று தங்கை இம்கே போனில் அழுதுகொண்டிருந்தாள். வீப்கேயின் ஒரு கையில் போன். மறு உள்ளங்கையின் சூட்டில் லேமினின்.

செல்லும் இம்கேயினுடையதுதான். அவள் தோலிலிருந்து எடுத்து, மாதக்கணக்கில் வளர்த்து, வலியை உணரும் நரம்பாக மாற்றியது. அவள் நரம்புகளில் சோடியம் நுழையும் வாசல்கள் தேவையில்லாமல் திறந்துகொள்கின்றன. போர்வைச் சூட்டுக்கே பாதம் பற்றி எரியும். கோட்டிங்கன் நகரில் பனி கொட்டும்போதும் வாளித் தண்ணீரில் கால் வைத்துத்தான் உறங்குகிறாள். புது மருந்து அந்த வாசல்களை அடைக்கிறது என்று காட்டினால்தான் நாளை மருத்துவர்கள் அதைக் கொடுக்க ஒப்புவார்கள். மறுபடி வளர்க்க மாதங்கள் ஆகும். இம்கேயோ பாதங்களை வெட்டிவிடச் சொல்கிறாள்.

“இப்படி விசும்பிக்கிட்டே உறிஞ்சினா செல்லு உன் வயித்துக்குள்ளதான் போகும்,” என்றான் பக்கத்து மேசை டோர்பென்.

“போன வாரம் தட்டுலயே ஊசிய உடைச்சவன் பேசுறியா?”

“அதான் சொல்றேன். என் கைதான் மோசம், மூச்சு நல்லாருக்கும். குழாயக் குடு. நீ ஊசிய மட்டும் பாரு.”

அந்த ஆய்வுக்கூடத்தில் காப்பிக் கோப்பையைக்கூட இரவல் தருவார்கள், வாய்க்குழாயைத் தரமாட்டார்கள். வீப்கே அதைச் சட்டைக் கையில் துடைத்துக் கொடுத்தாள்.

“மெதுவா ஊது. நிறுத்தாத.”

ஊசி இறங்கியது. காற்றழுத்தத்தில் செல்லின் தோலில் சிறு குழி விழுந்தது.

“இப்ப இழு. மெல்ல... டோர்பென், மெல்ல!”

தோல் கண்ணாடியோடு ஒட்டியது. மின்கசிவு நின்று, திரையில் மின்கோடு தட்டையாகப் படுத்தது. இன்னொரு சுருக்கான இழுப்பு. செல்லுக்குள் வழி திறந்தது. ஒலிபெருக்கியில் டக், டக், டக். யாரும் சீண்டாமலே அது துடித்துக்கொண்டிருந்தது.

வீப்கே மருந்தின் குமிழைத் திருகினாள். கதவில் தொங்கிய கோட்டுப் பைக்குள் போன் அதிர்ந்தது. இம்கேதான். இருவரும் திரும்பவில்லை. வாய்க்குழாயின் அடைப்பானை மூடிய பிறகும் டோர்பென் குழாயை வாயிலிருந்து எடுக்காமல் மூச்சடக்கி நின்றான். டக், டக். மருந்து வரும் மெல்லிய குழாய் வழியே, பட்டாலே செல்லைப் பெயர்த்துவிடும் ஒரு காற்றுக் குமிழி மருந்துக்கு முன்னால் தட்டை நோக்கி நகர்ந்து வந்தது.