வற்றிய பேரி

ரோஹிணிக்கு மீன் வாடை ஆகாது. கல்கத்தாவின் சால்ட் லேக்கில் குடிவந்த நாளிலிருந்து சமையலறை ஜன்னலைத் திறந்ததே இல்லை. எதிர்வீட்டு மிதாலியை ஊர் வழக்கப்படி 'பௌதி', அதாவது அண்ணி, என்று கூப்பிடுவாள். படிக்கட்டில் மாட்டிக்கொண்டால்தான் பேச்சு.

அன்று காலையும் மாட்டிக்கொண்டாள். பௌதியின் கையில் காலிப் பை.

"மார்க்கெட்டுல எல்லாம் ஐஸ் மீன். நம்ம பேரி மீன் வர இன்னும் நாளாகுமாம்."

"ஏன் பௌதி?"

"குளிர்காலமாச்சே! பேரியை வத்தவெச்சுக் காயப்போட்டிருப்பாங்க. சேறு வெடிச்சப்புறம்தான் தண்ணி விடுவாங்க. உனக்கெங்கே தெரியும், சாம்பார்க்காரி!"

ரோஹிணி சிரித்துக்கொண்டே இறங்கினாள். வாசலுக்கு வருமுன் சிரிப்பு நின்றுவிட்டது.

நகரத்துச் சாக்கடைத் தண்ணீரை விட்டு மீன் வளர்க்கும் குளம்தான் பேரி. வெயிலும் பாசியும் மீனுமாகச் சேர்ந்து அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்து அனுப்பிவிடும். இதையெல்லாம் ரோஹிணி படித்திருக்கிறாள். சுற்றுச்சூழல் ஆய்வு கம்பெனியில் அவளுக்கு அதுதான் வேலை. ஆனால் போன வாரம், அடுக்குமாடி கட்டப்போகிறவரின் ஆள் ஒரு பேரியைக் காட்டி, "செத்துப்போன குளம் மேடம்" என்றதும் நம்பிவிட்டாள். கண்ணெதிரே வெடித்த சேறு. படம் எடுத்தாள். 'கைவிடப்பட்ட நீர்நிலை' என்று எழுதினாள். கையெழுத்துதான் பாக்கி. அறிக்கை இன்று மாலை அலிப்பூர் அரசு அலுவலகத்துக்குப் போகவேண்டும். போய்விட்டால் குளத்தில் மண் கொட்டத் தடையில்லை.

ஆபீஸுக்குப் போகாமல் ஆட்டோவைப் பேரிக்கு விடச் சொன்னாள்.

மதகு திறந்திருந்தது. கறுத்த தண்ணீர் சேற்றுப் பிளவுகளில் நுரைத்து இறங்கிக்கொண்டிருந்தது. போன வாரம் நின்ற அதே சாய்ந்த மின்கம்பத்தடியில் நின்று மறுபடி படம் எடுத்தாள். பிறகு மேலதிகாரி ஹரிஷங்கருக்குப் போன் செய்தாள். அவர் மூன்று தலைமுறையாகக் கல்கத்தாவாசி.

"சார், குளிர்காலத்துல பேரியைக் காயப்போடுவாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இங்கேயே பொறந்தவன்மா. தெரியாமலா?"

"என் ரிப்போர்ட்டைப் படிச்சீங்களே, ஏன் சொல்லலை?"

"நீ கேக்கலையே. படம் நீ எடுத்தது, எழுத்து உன்னோடது. வந்து கையெழுத்தைப் போடு."

"போடமாட்டேன்."

"உன் பக்கத்து சீட் சந்தீப் போடுவான்."

"போடட்டும் சார். இப்ப எடுத்த படம் அலிப்பூருக்கும் உங்களுக்கும் ஒரே மெயில்ல போயிடுச்சு. முதல்ல எழுதினது தப்புன்னு என் பேரைப் போட்டே எழுதியிருக்கேன்."

மறுமுனையில் டீக்கப் வைக்கும் சத்தம் கேட்டது.

"திங்கக்கிழமையிலேர்ந்து உனக்கு ஃபீல்டு வேலை கிடையாது. ஃபைல் அடுக்கு."

"சரி சார்."

சாயங்காலம் அலிப்பூரிலிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: இடத்தை நேரில் பார்க்கும்வரை அனுமதி நிறுத்தம். பார்த்துவிட்டு என்ன சொல்வார்களோ, அது அவர்கள் பாடு. அவர்கள் வரும்போது குளத்தில் தண்ணீர் நிற்கும்.

படியேறும்போது பௌதி கதவைத் திறந்தாள்.

"தண்ணி விட ஆரம்பிச்சாச்சு பௌதி. மீன் வந்துடும்."

"அட! மீன் சேதி நீ சொல்லி நான் கேக்கிறதா? யார் சொன்னா?"

"பாத்துட்டு வரேன்" என்றாள் ரோஹிணி. செருப்பில் இன்னும் சேறு இருந்தது. அதை வாசலிலேயே கழற்றி வைத்தாள்.