கீலில் ஒட்டிய கண்ணாடி

சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்த ஆண்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். கூடத்துச் சுவரோரம் இருந்த மரகதத்துக்கு அவர்களில் இரண்டு பேரின் முதுகு மட்டுமே கண்ணில் பட்டது. ஒருவர் ஜெபகுமார், தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். படப்பையிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். மற்றவர் ஒரகடத்து நாகப்பன். காலமெல்லாம் பஸ் ஓட்டியவர்.

இரண்டு பேரும் எழுந்தார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் படி இறங்கினார்கள். துக்க வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. அது மரகதத்துக்கும் தெரியும். ஆனால் இத்தனை நாளும் சொல்லாமல் போகாதவர்கள் இன்று அப்படிப் போவதைப் பார்த்ததும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். கணவர் திருமலை போய்விட்டார். இவர்களும் இனி வரமாட்டார்களோ?

திருமலை ஆவடியில் பட்டறை வேலை பார்த்தவர். மரகதம் சர்க்கார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இருவரும் ஓய்வு பெற்று மணிமங்கலத்துக்கு வந்தபின் ஜெபகுமார், நாகப்பனோடு சேர்ந்த கூட்டம் அது. நாகப்பனின் பழைய பைனாகுலரை வெயிலில் பிடித்து, சூரியனின் உருவத்தை வெள்ளைத்தாளில் விழவைத்தபோதுதான் ஆரம்பித்தது. தாளில் சில கறுப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் நாளுக்கு நாள் நகர்வதைத் தினமும் வரைந்து தாங்களே கண்டுகொண்டார்கள். உலகத்துக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனாலும் அன்றைக்கு நாகப்பன், "அடேங்கப்பா, சூரியனே சுத்திக்கினு கீதுப்பா!" என்று கத்தியதில் எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது.

இன்னும் பெரிதாகப் பார்க்க ஆசை வந்தது. காஞ்சிபுரம் நூலகத்திலிருந்து ஜெபகுமார் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். தொலைநோக்கிக்கு வேண்டிய கண்ணாடியைக் கையாலேயே தேய்த்து உண்டாக்கலாம் என்று அதில் இருந்தது. முறை வைத்து ஒருவர் ஒரு பக்கத்தைப் படித்துவந்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். புரியவில்லை என்று முதலில் சொல்கிறவருக்கு மசால்வடை. திருமலை போட்ட சட்டம் அது. எல்லாம் தெரிந்த மாதிரி தலையாட்டும் வயதில், தெரியாததைச் சொல்ல வடை கொடுத்தார் மனிதர்.

கொல்லைத் தகரக் கொட்டகையில் மணல் நிரப்பிய டிரம். அதன்மேல் கண்ணாடி. நால்வரும் மாறி மாறி அதைச் சுற்றி நடந்தபடியே தேய்த்தார்கள். "கோயிலைச் சுத்தினாலாவது புண்ணியம்" என்பாள் திருமலையின் தங்கை பாஞ்சாலி. "ரிடையர் ஆனவனுக்கு இன்னா அவசரம்? தேய்" என்பார் அவர். பல மாதம் தேய்த்துக் கண்ணாடியில் குழிவு வந்துவிட்டது. கடைசியாக, தார் மாதிரி இறுகும் கீலை உருக்கி ஊற்றிய வட்டத்தின்மேல் சிவப்புப் பொடி குழைத்து மெருகேற்றிக்கொண்டிருந்தபோதுதான் திருமலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மரகதத்துக்குச் சுரீரென்றது. வேலை முடிந்ததும் கண்ணாடியைக் கீல்மேல் விட்டுவைக்கக் கூடாது. அன்று யார் எடுத்தார்கள்?

எழுந்து வாசலுக்கு வந்தாள். "ஜெபகுமார் சார்! கண்ணாடி கீல்மேலேயே இருக்கு!"

பந்தல் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாஞ்சாலி ஓடிவந்து கையைப் பிடித்தாள். "இன்னா அண்ணி இது? எங்கண்ணன் போயி ஈரம் காயல. சாவு வூட்ல கண்ணாடி தேய்க்கப் போறியா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும். இந்த வெயிலுக்குக் கீல் இளகி ஒட்டிக்கும் பாஞ்சாலி. உங்கண்ணன் பண்ணது அவ்ளோதான், போயிடும்."

கொட்டகையில் மூவரும் குனிந்து பார்த்தார்கள். கண்ணாடி அசையவே இல்லை. நாகப்பன் மரச்சுத்தியலைத் தொட்டார். தொட்ட வேகத்தில் கையை எடுத்துக்கொண்டார். சுத்தியல் பக்கம் போனால் திருமலை போடும் சத்தம் காதில் விழுந்திருக்கும்.

"குளிர்ச்சியில கீல் சுருங்கும்னு படிச்சோமே சிஸ்டர்" என்றார் ஜெபகுமார். அவள் நர்ஸ் என்பதால் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "சோடாக் கடையில ஐஸ் வாங்கிட்டு வரட்டுமா?"

"இந்தச் சூட்டுல திடீர்னு ஐஸ் வெச்சா விரிசல் வுட்ரும் சார்" என்றார் நாகப்பன். "கொதிக்கிற இஞ்சின்ல பச்சத் தண்ணி ஊத்துன கததான்."

மரகதம் யோசித்தாள். "காய்ச்சக்காரனுக்குப் போடுற மாதிரி ஈரத்துணி போடலாம். கொஞ்சம் கொஞ்சமா."

பானைத் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தது பாஞ்சாலி. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வைத்தாள். நனைத்துப் போட்டார்கள், எடுத்தார்கள், மறுபடி போட்டார்கள். பந்தலில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து கொட்டகை வாசலில் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. வெயில் தாழ்ந்து கூரை ஆறியபோது அடியில் 'டிக்' என்று ஒரு சத்தம். மரகதம் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து மெல்ல நகர்த்தினாள். வழுக்கிக்கொண்டு வந்தது.

உடையவில்லை. ஆனால் கண்ணாடியின் முகமெல்லாம் கறை. ஜெபகுமார் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். "மெருகு கெட்டுப்போச்சு சிஸ்டர். இந்தக் கட்டத்தை முதல்லேர்ந்து பண்ணணும்."

"முதல்லேர்ந்தா?" என்றாள் மரகதம். மூன்று நாளில் முதல் முறையாக அவளுக்கு மூச்சு சீராக வந்தது.

கண்ணாடியைப் பழைய வேட்டியில் சுற்றி வைத்தார்கள். நாகப்பன் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவரை போனவர், நின்றார். பந்தலில் பெரியவர்கள் இருப்பதைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"போய்ட்டு வரேன் தங்கச்சி."

பாஞ்சாலி வாயில் கைவைத்துக்கொண்டாள்.

"வாங்கண்ணே" என்றாள் மரகதம். "நாளைக்கு உங்க பக்கம். படிச்சிட்டு வாங்க."

"படிச்சா மட்டும் புரிஞ்சிடப் போவுதா?" என்றார் நாகப்பன், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வடய ரெடியா வை."