கியர்பாக்ஸுக்கு அடியில் ஒரு வாரிசு

“அசையாத மாப்ள. அசைஞ்சா ரெண்டு பேருக்கும் ஆபத்து,” என்றார் மாமா.

அந்த இரண்டாவது ஆள் யார் என்று சின்னவனுக்குப் புரியவில்லை. ஜாக்கியிலிருந்து சறுக்கிய கியர்பாக்ஸ் இறங்கி உட்கார்ந்திருந்தது அவன் நெஞ்சின் மேல். மாமா வண்டிக்கு வெளியே முக்காலி போட்டு உட்கார்ந்து டார்ச் லைட் பிடித்திருந்தார். அந்த வெளிச்சமும் சின்னவன் கண்ணில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

“ஜாக்கிய ஏத்துங்க மாமா.”

மாமா ஏற்றினார். அதாவது, முதலில் தவறான பக்கம் திருகி இன்னும் கொஞ்சம் இறக்கினார். கீழிருந்து வந்த முனகலை வைத்துத் தவறைக் கண்டுபிடித்து, அப்புறம் ஏற்றினார். கியர்பாக்ஸ் மனசே இல்லாமல் எழுந்தது. உயிர் இருக்கிறதா என்று பார்க்கச் சின்னவன் மூச்சை இழுத்தான். டீசல் வாசனையும் மாட்டுச் சாண வாசனையும் சேர்ந்து வந்தன. இருந்தது.

சின்னவன் என்றால் குழந்தை இல்லை. முப்பதைத் தாண்டியவன், மெத்தைக் கடை மேலாளர். முதுகுத்தண்டை எப்படிப் பூப்போல வைத்துக்கொள்வது என்று வாடிக்கையாளர்களுக்கு நாள் முழுக்க வகுப்பு எடுப்பவன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டு ஷெட்டில், வெறும் சிமெண்ட் தரையில் கிடந்தான். கடையிலிருந்து ஒரு சாம்பிள் மெத்தை கொண்டுவந்துதான் இருந்தான். அதில் மாமாவின் ஸ்பேனர்கள் சுகமாகப் படுத்திருந்தன.

இதில் பெரிய வயிற்றெரிச்சல், வண்டி நகராமல் போனதற்கே காரணம் அவன்தான் என்பது.

அந்தப் பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி மேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். வண்டி மாமா பெயரில் இருந்தது. தினமும் ஓட்டுவது அக்கா. அவள் கால்நடை மருத்துவர். சேற்றுப் பாதைகளில் பண்ணை பண்ணையாக ஏறி இறங்க அவளுக்கு அந்த வண்டிதான் சரி. மாமா இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர். அடிபட்ட வண்டிகளைச் சுற்றி வந்து, ‘இது தேறாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது அவர் தொழில். அவர் கையால் ஒரு போல்ட்டைக் கழற்றியதாக வரலாறு இல்லை. கிளட்ச் வழுக்குகிறது, ஏற்றத்தில் எஞ்சின் கத்துகிறதே தவிர வண்டி ஏறவில்லை என்று அக்கா ஒரு வருஷமாகச் சொல்லிப் பார்த்தாள். கிளட்ச் நன்றாகத்தான் இருக்கிறது, அவள் கால்தான் சரியில்லை என்பது நிபுணரின் அறிக்கை.

சின்னவன் வண்டியைக் கேட்டபோதெல்லாம் மாமாவிடமிருந்து ஒரே பதில்தான் வந்தது.

“ஓடுற வரைக்கும் அது என்னோடது. என்னைக்கு நின்னு போகுதோ, அன்னைக்கு நீ எடுத்துக்கோ.”

மொத்தக் குடும்பமும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது சொன்ன வார்த்தை. சின்னவன் அதை யோசித்தான். நின்று போனால் அவனுக்கு. அப்படியென்றால் நின்று போனால் போதுமே.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில், அக்கா வீட்டு மாடியில் குடியிருந்த அவன் பூனை மாதிரி இறங்கி வந்தான். அக்கா ஏதோ மாட்டுப் பிரசவத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருக்க வேண்டும். பானட்டில் சூடு ஆறவில்லை. பின் சீட்டில் வழக்கம்போல மழைக்கோட்டும் கம்பளியும் சாக்கும் மலையாகக் குவிந்து கிடந்தன. ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டான்.

இந்த மாதிரி வண்டிகளில் கியர்பாக்ஸ் தனியாக வராது. எஞ்சின் சக்தியை நாலு சக்கரத்துக்கும் பங்கு போடும் இன்னொரு பெட்டியையும் முதுகில் சுமந்துகொண்டுதான் வரும். அதற்கென்று பெரிய கியருக்குப் பக்கத்தில் ஒரு குட்டி லீவர் உண்டு. அதை நடுவில் தள்ளிவிட்டால் எஞ்சின் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒரு சக்கரமும் சுற்றாது. கிளட்ச் செத்துப்போன வண்டி போலவே அடையாளம் காட்டும்.

தள்ளினான். ‘டக்’ என்றது. மேலே போய்ப் படுத்தான். நல்ல தூக்கமும் வந்தது.

மாமா கண்டுபிடிப்பாரோ என்ற பயம் அவனுக்கு இல்லை. இத்தனை வருஷமாக மாமா அந்த லீவரைக் குடை மாட்டும் கொக்கி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

திட்டம் காலையில் அப்படியே பலித்தது. மாமா கியர் போட்டதும் வண்டி கத்தியது, நகரவில்லை. சின்னவன் துக்கம் விசாரிக்கும் முகத்தோடு இறங்கி வந்தான். மாமா பானட்டைத் திறந்தார், உள்ளே பார்த்தார், மூடினார், அழுக்கே படாத கையைத் துடைத்துக்கொண்டார்.

“கிளட்ச் போயிடுச்சு.”

“அடடா. அப்ப நான் எடுத்துக்கிறேன் மாமா.”

“எதுக்கு? கிளட்ச்தானே மாப்ள. வீட்டுலயே மாத்திடலாம். நீ கீழ படுத்துக்கோ, நான் சொல்லித் தர்றேன்.”

இப்படி ஒரு திருப்பத்தைச் சின்னவன் எதிர்பார்க்கவில்லை. வாய்த்தகராறு வளர்ந்து கடைசியில் ஒப்பந்தமானது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் வண்டி வாசல் ஏற்றத்தை ஏறிவிட்டால் மாமாவுக்கு. ஏறாவிட்டால் சின்னவனுக்கு, அப்புறம் பேச்சில்லை. குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். உள்ளே போய், மருந்து அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துவந்து வைத்தாள். புது கிளட்ச் செட். பெட்டி மேல் தூசி படிந்திருந்தது. இது எப்போது வாங்கியது என்று மாமா கேட்கவில்லை. அவர் சொன்ன நோய்க்கு மருந்து தானாக வந்து சேர்ந்ததில் அவருக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

சின்னவன் கணக்குப் போட்டான். எந்த கிளட்ச்சைப் போட்டாலும் குட்டி லீவர் நடுவில் இருக்கும்வரை வண்டி நகராது. ஆக வண்டி அவனுக்கு. அதுவும் புது கிளட்ச்சோடு.

அந்த நிமிஷத்திலிருந்து அவனுக்குப் பக்தி வந்துவிட்டது. சொந்த வண்டி அல்லவா? சனிக்கிழமை முழுக்க ஒவ்வொரு போல்ட்டையும் துடைத்து டப்பாவில் போட்டு வைத்தான். மாமா கையில் சுத்தியலைக் கொடுக்கவே இல்லை. லீவர்களைக் கழற்றியபோதும், உள்ளே பெட்டி நடுவில்தான் நிற்கிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டான். நின்றது.

கியர்பாக்ஸ் இறங்கி, பழைய கிளட்ச் பிளேட் வெளியே வந்ததும் அவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிளேட் உண்மையிலேயே தேய்ந்து, ரிவெட் தலைகள் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தன. பொய்யாக அவன் கொன்ற நோயாளி நிஜமாகவே சாகக் கிடந்திருக்கிறது.

“பார்த்தியா? தொடாமலே சொன்னேன்,” என்றார் மாமா.

அக்கா பிளேட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “என் கால்தான் சரியில்லைன்னீங்க.”

சரியாக அப்போது மாமாவுக்கு ஒரு போன் வந்துவிட்டது. மணி அடித்ததை மற்ற யாரும் கேட்கவில்லை.

புது பிளேட்டை மாமா முன்பக்கம் பின்பக்கமாக மாட்டப் போனார். சின்னவன் பிடுங்கி, சரியான பக்கம் வைத்து, துடைப்பக் கட்டையில் டேப்பைச் சுற்றி நடுவில் செருகி, பிளேட்டை மையத்துக்குக் கொண்டுவந்தான். பெற்ற பிள்ளைக்குக்கூட அவ்வளவு பொறுமையாகத் தலை வாரியிருக்க மாட்டான்.

அந்தப் பிள்ளைதான் இப்போது கியர்பாக்ஸ் வடிவத்தில் நெஞ்சில் ஏறி மிதித்திருந்தது. விலா எலும்புகளை மனசுக்குள் எண்ணி முடித்து, தோளைக் கொடுத்து, மறுபடி தள்ளினான். கொஞ்சம் வலது, கொஞ்சம் மேலே. கியர்பாக்ஸ் சட்டென்று வழுக்கி உள்ளே போய்ப் பொருந்தியது. மாமா டார்ச்சை அணைத்துவிட்டு, களைப்பாக இருக்கிறது என்று தண்ணீர் கேட்டார்.

போல்ட்டுகள் ஏறின. அக்கா வந்து வண்டிக்குள் ஏறினாள்.

“லீவரெல்லாம் நான் மாட்டுறேன். உங்க ரெண்டு பேர் கையும் ஒரே கிரீஸ்.”

ஒருவர் கையில் மட்டும்தான் கிரீஸ் இருந்தது. கீழே படுத்து ஷாஃப்ட் நட்டுகளை முறுக்கிக்கொண்டிருந்த சின்னவனின் தலைக்கு மேலே ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. லீவர் பொருந்துகிறது என்று நினைத்துக்கொண்டான்.

வெயில் இறங்கியபோது வண்டியும் ஜாக்கியிலிருந்து இறங்கியது. சின்னவன் கையைக் கழுவி, சட்டை மாற்றி, தலையும் சீவிக்கொண்டு வந்தான். சட்டைப் பையில் புது கீ செயின் இருந்தது. போன வாரமே வாங்கியது. அக்கா ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்துவிட்டதால் உள்ளே எட்டிப் பார்க்க முடியவில்லை. பார்க்கத் தேவையும் இல்லை. மாமா வண்டிக்கு முன்னால் நின்று, விமானத்தை இறக்குகிறவர் போல இரண்டு கைகளையும் ஆட்டினார்.

எஞ்சின் கிளம்பியது. கியர் விழுந்தது. சின்னவன் துக்கம் விசாரிக்கும் முகத்தை எடுத்து மாட்டினான்.

வண்டி நகர்ந்தது.

ஒரு குலுக்கல் இல்லை, உதறல் இல்லை. மாமா ஓரமாகக் குதிக்க, வாசல் ஏற்றத்தில் வெண்ணெய் மாதிரி ஏறி, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து நின்றது. சின்னவன் முகத்தில் துக்கம் அப்படியே இருந்தது. இப்போது மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

தனி ஆளாக கிளட்ச் மாற்றிய கதையை யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டே மாமா உள்ளே போனார். அக்கா வண்டியிலிருந்து இறங்கிக் கையை நீட்டினாள்.

“பையில துருத்திட்டு நிக்குதே, அந்தக் கீ செயினக் குடு. நல்லா இருக்கு.”

கொடுத்தான். அவள் சாவியை அதில் கோத்தாள்.

“அக்கா, அந்தக் குட்டி லீவர்...”

“நான்தான் மறுபடி போட்டேன்.”

“அது நடுவுல இருக்குன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

அக்கா பின் கதவைத் திறந்தாள். சாக்கை எடுத்து வெளியே போட்டாள். மழைக்கோட்டைப் போட்டாள். கம்பளியைப் போட்டாள். அடியில் ஒரு தலையணை, நடுவில் தலை வைத்த பள்ளத்தோடு கிடந்தது. அவன் கடைத் தலையணை. அவள் பிறந்தநாளுக்கு அவனே கொடுத்தது.

“அன்னைக்கு ராத்திரி பூரா ஒரு கன்னுக்குட்டிய இழுத்துட்டு வந்தேன்டா. வீட்டுக்குள்ள நடக்கக்கூடத் தெம்பில்ல, இங்கயே போத்திட்டுப் படுத்துட்டேன். நீ கைய விட்டப்ப என் மூக்குக்கும் உன் வாட்ச்சுக்கும் ஒரு முழம்கூட இல்ல.” கம்பளியை உதறி மடித்தாள். “ஒரு சத்தம் போடலாம்னுதான் வாயத் திறந்தேன். அப்புறம் கிளட்ச் ஞாபகம் வந்துச்சு.”