ஐஸ் பெட்டியில் போன போத்தல்

ஹாசிமின் குசினி யன்னலுக்கும் என் கிணற்றடிக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி, அதிலும் ஒரு ஓட்டை. அதை அடைக்கச் சொல்லி இரண்டு வீட்டு ஆம்பிளைகளும் சொல்லிக் களைத்துவிட்டார்கள். காற்று வரட்டும் என்று நான்தான் விட்டு வைத்திருக்கிறேன். காற்றோடு கதையும் வருகிறது என்றால் அதற்கு நான் என்ன செய்ய?

அப்படி வந்த கதைதான், ஹாசிம் பொண்சாதியை அனுப்பப் போகிறான் என்பது.

மதுரங்குளியில் இறால் வளர்க்கிற யாரைக் கேட்டாலும் ஹாசிமைக் காட்டுவார்கள். கடற்கரையில் குஞ்சு பொரிக்கிற இடங்களிலிருந்து பண்ணைகளுக்குக் குஞ்சு கொண்டுபோவது அவன் தொழில். யுத்த நேரம் சோதனைச் சாவடிகளில் மறித்து வைத்து, பைக்குள்ளேயே குஞ்சுகள் வெந்து போன காலம் ஒன்று இருந்தது. இப்போது ரோட்டில் மறிக்க ஒருவரும் இல்லை. ஒக்சிசன் அடைத்த பொலித்தீன் பைகள், நடுவில் ஐஸ், எல்லாம் சூடு ஏறாத ஒரு ரெஜிபோம் பெட்டிக்குள். குளிரில் குஞ்சு அடங்கிக் கிடக்கும், குளத்துத் தண்ணீரில் விட்டதும் எழும்பி ஓடும். “என்ட பெட்டியில ஏறின குஞ்சு செத்ததில்ல” என்று சந்தியில் நின்று சொல்லுவான். ஊருக்கெல்லாம் குஞ்சு கொடுத்தவன் வீட்டில் மட்டும் குஞ்சு இல்லை. இதை நான் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து பழி ரம்ஸியாவின் தலையில்தான். ஓதின தண்ணீர், கசாயம், ஸ்கேன், ஊசி என்று அவளை ஒன்றும் விட்டு வைக்கவில்லை. கடைசியாகப் புத்தளத்துப் பொம்பிளை டொக்டர் ஒருத்தி, “அவரையும் ஒருக்காப் பார்ப்பமே” என்றாள். பார்த்தார்கள். வந்த ரிப்போட்டில், அவனுடைய உயிரணுக்களில் ஒன்றுகூட அசையவில்லை.

அன்றைக்கு அந்த யன்னலுக்குள்ளே ஒரு பீங்கான் உடைந்தது. ஹாசிம் இறால் குளத்துக் காவல் குடிசையில் போய்ப் படுத்துக்கொண்டான். குறிஞ்சிப்பிட்டியில் இருக்கிற ரம்ஸியாவின் காக்கா ஜப்பாருக்குச் சொல்லி அனுப்பினான்: வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய வந்து தங்கச்சியைக் கூட்டிப் போகட்டும், தலாக்கைக் காதியாரிடம் போய் ஒழுங்காக முடிப்போம்.

வியாழக்கிழமை பின்னேரம் ஒரு கோப்பை வட்டிலப்பத்தோடு போனேன். வெறுங்கையோடு போனால் விசாரிக்க வந்த மாதிரி இருக்கும் அல்லவா. ரம்ஸியா அலுமாரியைத் திறந்து போட்டுவிட்டு நிலத்தில் இருந்தாள். சூட்கேசுக்குள் ஒரே ஒரு சாரி.

“றிஸ்மியா தாத்தா, என்ன அனுப்புறதுக்கு என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டாரா?” என்றாள். எங்களில் அக்காவைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவது. “ஊர் என்ன மலடி எண்டு சொல்லக்குள்ள நான் போகல்ல. இப்ப அவருக்கு எண்டதும் நான் போகணுமா? காக்கா வந்தா நான் ஏற மாட்டன். ஏத்தினாங்க எண்டா ரோட்டுல குதிப்பன்.”

அவள் குதிப்பாள். அந்தக் கண்ணைப் பார்த்த எனக்கு வட்டிலப்பம் இறங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து உடுப்பு எடுக்க ஹாசிம் வந்தான். தாடி வளர்ந்து, நோயில் எழும்பினவன் மாதிரி இருந்தான்.

“ஏன்டா, ஒனக்கென்ன பைத்தியமா?” என்றேன்.

“நோய் விழுந்த குளத்துக்கு யாரும் காவல் இருக்கிறதா தாத்தா? அவளுக்கு இன்னும் வயசு இரிக்கு. வேற எடத்துல நல்லா இருக்கட்டும்.” கண்ணைத் துடைத்தான். “என்னப் பார்த்துப் பார்த்து அவளும் காயணுமா?”

இரண்டு பேரும் அழுதால் நடுவில் இருக்கிறவள் என்ன செய்வது? எனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தேன். கேள்வி கேட்டேன்.

“அது சரி, டெஸ்ட்டுக்கு நீ அந்தச் சாமான ஆஸ்பத்திரியிலயா குடுத்தா?”

ஹாசிம் நிலத்தைப் பார்த்தான். “அங்க கவுண்டர்ல நிக்கிறது எங்கட மாமிட பேத்தி. வெக்கம். போத்தல வீட்டுக்குக் கொண்டு வந்து, எடுத்துத்தான் குடுத்தன்.”

“புத்தளம் வரைக்கும் நீ எப்பிடிக் கொண்டு போனா?”

“பழுதாகாமக் கொண்டு வாங்க எண்டாங்க. குஞ்சு கொண்டு போற மாதிரித்தான். பெட்டியில நல்லா ஐஸ் போட்டு, நடுவுல வச்சு…” அந்தத் துக்கத்திலும் ஒரு நிமிர்வு வந்தது அவனுக்கு. “ஒரு துளி சிந்தல்ல தாத்தா.”

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அந்த ஐஸ்தான் ஏதும் செய்துவிட்டதோ என்று பட்டது. டொக்டரின் நம்பர் என்னிடம் இருந்தது. ஏன் இருந்தது என்று கேட்கக்கூடாது. ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஐஸிலயா?” என்றாள் மயூரதி டொக்டர். “ஹாசிம், அது இறால் குஞ்சில்லை. இப்பிடிக் குளிர் பட்டா மரத்துப் போகும், பிறகு எழும்பாது. அதுக்குச் சூடுதான் வழிகாட்டி. பெண்ணின்ட உடம்புக்குள்ள, அதுகள் போய்த் தங்கி நிக்கிற இடத்த விட, முட்டை இருக்கிற இடம் கொஞ்சம் சூடு. கையை வச்சா எங்களுக்கு விளங்காத வித்தியாசம். அதுகளுக்கு விளங்கும். சூடு கூடின பக்கமாத் திரும்பி நீந்தும். கண்ணில வெளிச்சத்தைப் பிடிக்க ஒரு சாமான் இருக்குதுதானே, அதே வகைச் சாமான்தான் அதுகளுக்குச் சூட்டைக் காட்டிக் குடுக்குது எண்டு இப்ப கண்டுபிடிச்சிருக்கினம்.”

ஹாசிம் கதிரையைப் பிடித்துக்கொண்டான். “அப்ப நானேதான் கொண்டுட்டனா டொக்டர்?”

“முதலே உயிர் இருந்துதா எண்டு எனக்கும் தெரியாது. பொய் நம்பிக்கை தர மாட்டன். நாளைக்குத் திரும்பக் கொண்டு வாங்க, உடம்புச் சூட்டோட. ஜும்மாவுக்கு லேப் பூட்ட முதல் வாங்க.”

ரம்ஸியா சூட்கேசைக் காலால் கட்டிலுக்குக் கீழே தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த யன்னலை நானே வலியப் போய் மூடினேன். எனக்கும் ஒரு அளவு உண்டு. ஆனால் மோட்டார் சைக்கிள் முற்றத்துக்கு வந்தபோது வேலியடியில் நின்றேன். களப்புப் பக்கத்துக் காற்று ஆளையே தள்ளியது. ஹாசிம் போத்தலைக் கக்கத்தில் வைத்தால் ஹேண்டிலைப் பிடிக்க முடியவில்லை. சட்டைப் பையில் வைத்தால் காற்று நேரே அதில்தான் அடிக்கும். இடமில்லாமல் அந்தச் சின்னப் போத்தலை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு நின்றான், பாவி.

ரம்ஸியா அபாயாவோடு வெளியே வந்தாள். வீட்டைப் பூட்டித் திறப்பை என் கையில் வைத்தாள். போத்தலைப் பறித்துக்கொண்டு பின்னால் ஏறினாள். அவன் முதுகுக்கும் தன் நெஞ்சுக்கும் நடுவில் அதை வைத்து, இரண்டு கையாலும் அவனை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

“ஓட்டுங்க.”

எனக்கும் அன்றைக்கென்று கண் மங்கலாகத் தெரிந்தது. புத்தளத்தில் கண்ணாடி பார்க்கலாம் என்று த்ரீவீலில் ஏறினேன்.

வழியில் ரயில் கேட் விழுந்திருந்தது. லொறி, பஸ், சைக்கிள் எல்லாம் நின்றன. ரயிலைக் காணோம். நட்ட நடு ரோட்டில் புருசனைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும் பொம்பிளையை பஸ்ஸில் இருந்தவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒருவன் விசிலும் அடித்தான். ரம்ஸியா கையை எடுக்கவில்லை. கண்ணை மூடி என்னவோ ஓதிக்கொண்டிருந்தாள். ஹாசிமின் முதுகு குலுங்கியது, எஞ்சின் ஓடியதாலா அழுததாலா என்று த்ரீவீலில் இருந்து பார்த்த எனக்கு விளங்கவில்லை.

லேப் பூட்டக் கதவில் கை வைத்த நேரம்தான் போய்ச் சேர்ந்தார்கள். ஹாசிம் படிக்கட்டில் குந்திவிட்டான். ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் எழும்புவான், பிறகு இருப்பான். கடைசியில் டொக்டர் கூப்பிட்டாள். என்னை ஒருவரும் கூப்பிடவில்லை, நானும் போனேன்.

“பாருங்கோ” என்று மைக்கிரஸ்கோப்பைக் காட்டினாள். ஹாசிம் குனிந்து நெடுநேரம் பார்த்தான். பொலித்தீன் பையை வெளிச்சத்தில் பிடித்துக் குஞ்சு பார்க்கிற அதே பார்வை.

“ஓடுது” என்றான், மெல்லமாக. “ரம்ஸியா, ஒண்டு ஓடுது. இஞ்ச இன்னொண்டு.”

“குறைவுதான்” என்றாள் டொக்டர். “பிள்ளை கிடைக்கும் எண்டு நான் எழுதித் தர மாட்டன். ஆனா வைத்தியம் தொடங்கலாம். வழியே இல்லை எண்டு போன கிழமை சொன்னதை இப்ப சொல்ல மாட்டன்.”

அப்போது ஹாசிமின் போன் அடித்தது. ஜப்பார். ஹாசிம் அதை ரம்ஸியாவிடம் நீட்டினான்.

“நீங்கதானே கூப்பிட்டீங்க” என்றாள் அவள். “நீங்களே சொல்லுங்க.”

“மச்சான்… தப்பு நடந்து போச்சு. அவள நான் அனுப்பல்ல.”

“என்னடா வெளாட்டு? சாமான் ஏத்த லொறியோட ஒன்ட கேற்றடியில நிக்கன், வீடு பூட்டிக் கிடக்கு!”

“காக்காவ நிக்கச் சொல்லுங்க” என்றாள் ரம்ஸியா. “சோறாக்கி வச்சிட்டுத்தான் வந்தன்.”

திறப்பு என் பைக்குள் கிடந்தது. கண்ணாடி பார்க்கிற கதையை விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னாலேயே த்ரீவீலை விடச் சொன்னேன்.

திரும்பும்போது ரம்ஸியா தன் கைப்பையை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டுதான் ஏறினாள். கேட்காமல் அனுப்பப் பார்த்தவன் மேல் இருந்த கோபம் அவ்வளவு லேசில் ஆறுமா? ரயில் கேட் வரைக்கும் பை அங்கேயே இருந்தது. கேட் தாண்டிப் பார்க்கிறேன், பை அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.